மேஸ்திரிக்கு எட்டு வாரம்

“முட்டிக்குள்ள இருக்கிற நார் அறுந்துபோச்சு. எலும்பை அறுத்து, கொஞ்சம் திருப்பி வச்சு, தகடு போட்டு ஸ்குரூ முடுக்கணும்” என்று டாக்டரம்மா சொன்னதும் தையல்காரி பக்கத்திலிருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

“நார்தானேங்க அறுந்தது? எலும்பை எதுக்கு அறுக்கணும்?”

நியாயமான கேள்விதான். முப்பது வருஷமாகத் துணி வெட்டுகிறவள் அவள். பட்டன் அறுந்தால் பட்டனைத் தைப்பாளே தவிர, சட்டையை இரண்டாகக் கிழிக்க மாட்டாள். டாக்டரம்மா சலித்துக்கொள்ளாமல் ஒரு காகிதத்தை எடுத்துப் படம் போட்டுக் காட்டினாள். நாயின் முட்டி மனுஷ முட்டி மாதிரி இல்லை. கீழெலும்பின் தலை சரிவாக இருக்கும். அடி வைக்கிறபோதெல்லாம் மேலெலும்பு அந்தச் சரிவில் வழுக்கப் பார்க்கும். அதை இழுத்துப் பிடித்திருந்தது அந்த நார். முப்பது கிலோ நாய்க்கு நாரைத் தைத்தால் நிற்காது. சரிவையே அறுத்து மட்டமாக்கிவிட்டால் நார் இல்லாமலே நாய் நடக்கும்.

“அப்புறம் எட்டு வாரம். ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது, படி ஏறக்கூடாது. ஒண்ணுக்குப் போறதுக்குத் தவிர எழுந்திரிக்கவே விடக்கூடாது. ஆபரேஷன் என் வேலை, பாதிதான். மீதிப் பாதி உங்க கையில இருக்கு.”

நாயின் தலை அவள் புருஷன் கேட்டுக்காரரின் செருப்பின் மேல் கிடந்தது. அதுவரை வாயே திறக்காமல் நின்ற மனுஷன் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“டூட்டிக்கு எப்ப வரலாங்க?”

“நீங்க தாராளமா நாளைக்கே போங்க.”

“நான் இல்லீங்க. மேஸ்திரி.”

டாக்டரம்மா நாயைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பிறகு சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் தையல்காரியைப் பார்த்தாள்.

சிரிக்க ஒன்றுமில்லை. ஊருக்கு வெளியே கல்குவாரிக்கும் சிமென்ட் ஆலைக்கும் நடுவே ஆலைக்குச் சொந்தமான ஒற்றைத் தண்டவாளம் ஓடுகிறது. அது பெரிய சாலையைக் குறுக்கே வெட்டும் இடத்தில் ஒரு கேட்டு. கேட்டை ஒட்டி மூன்று படி உயரத்தில் ஒரு கூண்டு. சாலைக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில், கேட்டுக்காரருக்கு ஆலை கொடுத்த வீடு. கல் ஏற்றிக்கொண்டு வரும் வண்டிக்கு நேரம் காலம் கிடையாது. குவாரியில் வண்டி கிளம்பும்போது அங்கிருப்பவன் ஒரு பொத்தானை அழுத்துவான், கூண்டில் கதவுக்கு மேலே மணி அடிக்கும். சின்ன மணிதான், சத்தம் மட்டும் ஊசி மாதிரி. ஆள் எழுந்து சுவிட்சைத் தட்டுகிற வரை நிற்காது. மூன்றே நிமிஷத்தில் வண்டி வந்துவிடும். அதற்குள் வெளியே போய்ச் சக்கரத்தைச் சுற்றினால் சங்கிலி கடகடவென்று ஓடி இரண்டு பக்கத் தடியும் இறங்கும். இருபத்தாறு வருஷமாகக் கேட்டுக்காரர் பகலில் செய்கிற வேலை இதுதான். இரவுக்கு இன்னொருவன் உண்டு.

ஆறு வருஷத்துக்கு முன்னால் தண்டவாளத்து ஓரத்தில் கிடந்த குட்டியை அவர் தூக்கி வந்தார். பழுப்பு நிறம், ஒரு காது மட்டும் மடங்கினது, ஜாதி கோத்திரம் ஒன்றும் கிடையாது. வளர்ந்து அவரோடே கூண்டுக்குப் போக ஆரம்பித்தது. மணி அடித்தால் துள்ளி எழும், அவரும் எழுவார். இது மூன்று படியையும் ஒரே தாவாகத் தாவிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் போய் விறைப்பாக நிற்கும். கடைசி வேகன் கடந்த பிறகுதான் திரும்பும். “அண்ணன் ஒழுங்கா வேலை பாக்குறாரான்னு மேற்பார்வை பாக்குதுடா, மேஸ்திரி!” என்று இரவுக் கேட்டுக்காரன் ஒரு நாள் சொன்னான். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்.

தாவினதில்தான் வந்தது வினை. மழை பெய்து படி நனைந்திருந்த ஒரு காலையில் மணி அடித்தது, மேஸ்திரி தாவினான், நடுவானத்திலேயே ஒரு வீறல். வீட்டுக்குள் நீலச் சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்த தையல்காரி அப்படியே ஓடி வந்தாள். பின்னங்கால் ஒன்று தரையில் படாமல் தொங்கியது. மூன்று காலில் நின்று, உடம்பெல்லாம் நடுங்க, அந்த நாய் நாற்பத்திரண்டு வேகனும் போகிற வரை சக்கரத்துப் பக்கத்திலேயே நின்றது. அதற்குப் பிறகுதான் விழுந்தது. தையல்காரிக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகமாக வந்தது. “சம்பளம் வாங்குறவங்களே இப்படி நிக்க மாட்டாங்களே, உனக்கென்னடா தலையெழுத்து!” என்று அதன் மேலேயே எரிந்து விழுந்தாள்.

ஆபரேஷன் முடிந்து ஆளைப் பார்த்தபோது அடுத்த அதிர்ச்சி. இடுப்பிலிருந்து கணுக்கால் வரை ஒரு முடி இல்லாமல் மழித்துவிட்டிருந்தார்கள். இந்தப் பக்கம் பார்த்தால் நாய், அந்தப் பக்கம் பார்த்தால் உரித்த கோழி. கழுத்தில் புனல் மாதிரி ஒரு பிளாஸ்டிக் வளையம், தையலை நக்காமலிருக்க. முட்டியில் தையல்காரி ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள்: பதினெட்டுத் தையல். சும்மா சொல்லக்கூடாது, நல்ல கை. இழுப்பு ஒரே சீராக இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு டாக்டரம்மா மேல் நம்பிக்கை வந்தது.

மருந்துக் கடையில் வேலை பார்க்கிற மகள் ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினாள். காலையில் வலி மாத்திரை, சாப்பாட்டோடு. துணியில் சுற்றிய பனிக்கட்டி, பத்து நிமிஷம். பாதத்தைப் பிடித்து மெதுவாக மடக்கு, நீட்டு, பத்துத் தடவை, முகத்தைச் சுளித்தால் நிறுத்து. வெளியே போகும்போது வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்துப் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடி. மாத்திரையை அவித்த முட்டைக்குள் வைத்துக் கொடுத்தால் மேஸ்திரி முட்டையை விழுங்கிவிட்டு மாத்திரையை மட்டும் பாலீஷ் போட்ட மாதிரி வெளியே துப்புவான். ரொட்டியில் வைத்தாலும் அதே கதை. கடைசியில் கறிச்சாற்றில் பொடித்துக் கலக்கினாள் தையல்காரி, அப்போதும் கிண்ணத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத்தான் குடித்தான்.

கேட்டுக்காரர் நாலு நாள் லீவு போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஐந்தாம் நாள் வேலைக்குக் கிளம்பினார், மேஸ்திரி ஊளையிட்டான். பழைய பலகைகளால் அடித்த அடைப்புக்குள் புரண்டான், புனலால் பலகையை இடித்தான்.

“அங்கயே தூக்கிட்டுப் போறேன். என் கண்ணு முன்னாடி படுத்திருக்கட்டும். இங்க ஆட்டம் போட்டுக் காலை உடைச்சுக்கிறதுக்கு அது தேவலை” என்றார்.

“டாக்டரம்மா அசையக்கூடாதுன்னாங்க.”

“அசைய மாட்டான். நான் இருக்கேன்ல?”

பிள்ளையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு சாலையைத் தாண்டினார். அடைப்பும் கூண்டுக்குப் போனது, பெஞ்சுக்குப் பக்கத்தில். மேஸ்திரி நிம்மதியாகத் தலையைச் சாய்த்தான். தையல்காரியும் நிம்மதியாக மெஷினுக்குத் திரும்பினாள். சாப்பாடு கொண்டுபோகும்போதெல்லாம் இருவரும் சமர்த்தாக இருந்தார்கள். பத்து நாள் அப்படிப் போனது.

மறுநாள் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டரம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். வரிசையாக ஆறு ஸ்குரூ. அதில் ஒன்று சாய்ந்து நின்றது. தையல்காரிக்கே தெரிந்தது. தகடு எலும்பைவிட்டு ஒரு நூலளவு எழும்பியிருந்தது.

“இவனை ஓட விட்டீங்களா?”

“ஐயோ, இல்லீங்க.”

“குதிச்சானா? படி ஏறினானா?”

“அடைப்பை விட்டு வெளியவே வரலீங்க” என்றார் கேட்டுக்காரர். “படுத்த இடத்துலதான் கெடக்குறான்.”

“எழுந்திரிச்சு நிக்கிறானா?”

“இல்லவே இல்லீங்க. நான்தானே கூடவே இருக்கேன்? ஒரு தடவகூட எழுந்திரிக்கல.” கொஞ்சம் யோசித்துவிட்டு, உண்மை பேசுகிறவர் என்பதால், சேர்த்துக்கொண்டார்: “மணி அடிச்சா எழுந்திரிப்பான். அவ்வளவுதான்.”

“மணியா? என்ன மணி?”

“கேட்டு மணிங்க. வண்டி வர்றப்ப அடிக்கும். டக்குனு எழுந்து நிப்பான், வண்டி போனதும் படுத்துக்குவான்.”

“ஒரு நாளைக்கு எத்தனை வண்டி?”

“பதினஞ்சு, பதினாறு வரும். பத்து நாளா கூண்டுல என் பக்கத்துலதானே படுத்திருக்கான்.”

டாக்டரம்மா எக்ஸ்ரேயை மேஜையில் வைத்தாள். “பத்து நாள். தினமும் பதினாறு தடவை, அறுத்த கால்ல துள்ளி எழுந்திருக்கான். அதைத்தான் நீங்க ஒரு தடவகூட எழுந்திரிக்கலைன்னு சொல்றீங்களா?”

கேட்டுக்காரர் உண்மையிலேயே திகைத்துப்போனார். “அது எழுந்திரிக்கிறது இல்லீங்களே… அது டூட்டிங்க.”

தையல்காரிக்குத் தூக்கிவாரிப்போட்டது. புருஷனை நினைத்தல்ல, தன்னை நினைத்து. சாப்பாடு கொண்டுபோனபோது எத்தனை தடவை அவள் கண் முன்னாலேயே மணி அடித்திருக்கிறது, மேஸ்திரி எழுந்து நின்றிருக்கிறான்! அவளும்தான் பார்த்தாள், அவளுக்கும்தான் அது கணக்கில் வரவில்லை. இருபத்தாறு வருஷம் மணியோடு குடித்தனம் நடத்துகிறவர்களுக்கு மணிக்கு எழுந்திரிப்பது மூச்சு விடுகிற மாதிரி. மூச்சு விட்டானா என்று கேட்டால் யார் கணக்குச் சொல்வார்கள்?

மறுபடி கத்தி வைத்தார்கள். மறுபடி லீவு, மூன்று வாரம். இந்தத் தடவை டாக்டரம்மா அனுப்பும்போது வாசல் வரை வந்தாள். “இன்னொரு தடவை இது கழண்டா எலும்புல ஸ்குரூ பிடிக்க இடமில்ல. காலை எடுக்க வேண்டி வரும். புரியுதா? மணி கேக்காத எடத்துல வைங்க. முடியலைன்னா ஒருத்தர் கையாலேயே அழுத்திப் பிடிங்க.”

மணி கேட்காத இடம் அவர்களுக்கு ஏது? வீட்டிலேயே ஒரு அறையில் அடைப்பைப் போட்டார்கள், சாலைப் பக்கத்துச் சன்னலைச் சாத்தினார்கள். லீவு முடிகிற வரை அவர் பிடித்துக்கொண்டார். அப்புறம் பிடித்துக்கொள்வது தன் வேலை என்றாள் தையல்காரி. லீவு முடிகிற நாள் சாயங்காலம் ஒத்திகையும் பார்த்துக்கொண்டாள். தரையில் உட்கார்ந்து, ஒரு உள்ளங்கையை நாயின் தோளிலும் மறு கையை இடுப்பிலும் வைத்துக்கொள்ள வேண்டும். மணியின் முதல் சத்தத்துக்கே அழுத்த வேண்டும், இரண்டாவது சத்தத்துக்குள் அவன் எழுந்துவிடுவான். அதற்காக அவள் இருபத்தாறு வருஷமாகக் கேட்டும் கேட்காமலும் இருந்த அந்த மணியைக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கப் பழகினாள்.

“நீங்க தனியா இருந்துக்குவீங்களா?” என்று மகள் அப்பாவைக் கிண்டல் செய்தாள். “மேஸ்திரி இல்லைன்னு தூங்கிடாதீங்க.”

அவர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“பாத்தியா, பதில் வருதா? செவிடன் காதுல ஊதின சங்கு” என்றாள் தையல்காரி. அந்த வீட்டில் அது பழைய பாட்டு. பொம்பளைங்க பேசினால் அவர் காதில் விழாது, இரவுக் கேட்டுக்காரன் வந்து ‘அண்ணே’ என்றால் உடனே விழும். எந்த வீட்டில்தான் இல்லை இது?

காலையில் அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்டார். மகளும் வேலைக்குப் போய்விட்டாள். தையல்காரி பனிக்கட்டி ஒத்தடம் முடித்து, காலை மடக்கி நீட்டி, கறிச்சாறு கொடுத்து, அடைப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். வெயில் ஏறவில்லை இன்னும்.

மணி அடித்தது.

ஊசியைப் போட்டுவிட்டு அழுத்தினாள். நாயின் உடம்பு அவள் கைக்குக் கீழே வில்லாக விறைத்தது. “படு, படு, ஒண்ணுமில்ல, படுடா.” அழுத்தமாகப் பிடித்தாள். சங்கிலிச் சத்தம் கேட்டுவிட்டால் விட்டுவிடுவான் என்று நினைத்தாள். சங்கிலிச் சத்தம் கேட்கவில்லை. மணி நிற்கவும் இல்லை. மேஸ்திரி அவள் முகத்தைப் பார்த்தான், சன்னலைப் பார்த்தான், மறுபடி அவளைப் பார்த்தான். பிறகு தொண்டையிலிருந்து அவள் இதுவரை கேட்டிராத ஒரு முனகல் வந்தது.

ஒரு கையை நாயின் மேலேயே வைத்துக்கொண்டு மறு கையால் எட்டிச் சன்னலைத் தள்ளினாள்.

தடி இரண்டும் வானத்தைப் பார்த்து நின்றன. கூண்டுக்குள் அவள் புருஷன் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேலே மணி அலறிக்கொண்டிருந்தது. பால் வண்டி ஒன்று தண்டவாளத்தைத் தாண்டிப் போனது. அதற்குப் பின்னால் தூரத்தில் மஞ்சளாகப் பள்ளிக்கூட வேன். அவர் டம்ளரைப் பெஞ்சில் வைத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, சாலையை வேடிக்கை பார்த்தார்.

“ஏங்க! மணி! ஏங்க!”

திரும்பவில்லை.

கையை எடுத்தால் நாயின் கால் போகும். அது தெரிந்துதான் எடுத்தாள். யோசித்தெல்லாம் எடுக்கவில்லை; எடுத்த பிறகுதான் எடுத்தது தெரிந்தது. வெறுங்காலோடு, முற்றத்துக் கல்லெல்லாம் குத்த ஓடினாள். “மணி! மணி!” என்று அவள் கத்தின கத்தலுக்கு வேலியிலிருந்த காக்கையெல்லாம் பறந்தன. அவர் வேன்காரரைப் பார்த்துக் கையாட்டினார். வேன்காரரும் கையாட்டிக்கொண்டே வந்தார். வேனுக்கு முன்னால் குறுக்கே பாய்ந்து சாலையைத் தாண்டி, சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினாள். எந்தப் பக்கம் சுற்றுவது என்றுகூடத் தெரியவில்லை. ஒரு பக்கம் அசையவில்லை, மறு பக்கம் அசைந்தது. சங்கிலி ஓடியது. தடி இறங்கி வேனின் கண்ணாடிக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

“உனக்குப் பைத்தியமாடி?” கேட்டுக்காரர் படியில் இறங்கி வந்தார், முகமெல்லாம் சிவந்து. “சக்கரத்துல கைய வச்சா என் வேலை போயிடும், தெரியுமா தெரியாதா? எவன் உன்கிட்ட…”

வளைவில் என்ஜினின் ஹாரன் முழங்கியது. அது அவருக்குக் கேட்டது. திரும்பினார். அவர் வாய் திறந்தபடியே இருந்தது. என்ஜின் அவர்கள் மேல் அனல் காற்றை அடித்துக்கொண்டு கடந்தது, அதன் பின்னால் வேகன் வேகனாகக் கல்.

அத்தனையும் போன பிறகு தையல்காரி கூண்டின் கதவைக் கை காட்டினாள்.

“மணிங்க.”

“என்ன மணி?”

“அடிக்குதுங்க.”

“எங்க அடிக்குது?”

வேன்காரர் இறங்கி வந்திருந்தார். “அடிச்சுக்கிட்டுத்தாண்ணே இருக்கு. காதைத் தொளைக்குதே!”

கேட்டுக்காரர் படியேறினார். மணிக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். கையை உயர்த்தி அந்தச் சின்ன வெண்கலக் கிண்ணத்தின் மேல் உள்ளங்கையை வைத்தார். சுட்டுவிட்ட மாதிரி இழுத்துக்கொண்டார். சுவிட்சைத் தட்டினார். மறுபடி தொட்டுப் பார்த்தார். பிறகு பேயறைந்தவர் போலப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

வேனின் முன்சீட்டில் இரட்டைச் சடை போட்ட ஒரு பெண் பிள்ளை கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு இவர்களையே பார்த்தது. அப்போதுதான் தையல்காரிக்கு நாயின் ஞாபகம் வந்தது. திரும்பிப் பார்த்தாள். தடிக்கு அந்தப் பக்கம், சாலை ஓரத்தில், கழுத்தில் புனலோடு, மழித்த கால் உள்பட நாலு காலையும் ஊன்றி மேஸ்திரி விறைப்பாக நின்றுகொண்டிருந்தான்.

தையல்காரி போன் போட்ட பத்தாவது நிமிஷத்தில் இரவுக் கேட்டுக்காரன் சட்டைப் பட்டனைக்கூடப் போடாமல் வந்து சேர்ந்தான். விஷயத்தைக் கேட்டான். கேட்டுவிட்டு அவன் சொன்னதுதான் அன்றைக்கு அவள் வாங்கின அடிகளிலேயே பெரிய அடி.

“மேஸ்திரி இல்லாம நீங்க எப்படிண்ணே தனியா உக்காந்தீங்க?”

தையல்காரி அவனை வெறித்தாள். “அப்படின்னா? உனக்குத் தெரியுமா?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். “மூணு வருஷமாத் தெரியும் அண்ணி. மணி அடிக்கும், நாய் எழுந்திரிக்கும், நாயைப் பாத்து அண்ணன் எழுந்திரிப்பாரு. அண்ணனுக்கே தெரிஞ்சுதான் செய்யிறாருன்னு நெனச்சேன். நாய் ஒரு நாளும் தவறினதில்லையே, எதுக்குப் போய்ச் சொல்லணும்னு…”

“எனக்குத் தெரியாதுடா” என்றார் கேட்டுக்காரர். குரல் தேய்ந்திருந்தது. “மணி கேட்டு எழுந்திரிக்கிறேன்னுதான் நெனச்சேன். சத்தியமா.”

கேட்டை அவனிடம் விட்டுவிட்டு ஒரு வாடகை வண்டியில் நாயைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டாக்டரம்மா நடந்ததைக் கேட்டு, திட்ட வாயெடுத்து, திட்டாமல் எக்ஸ்ரே அறைக்குள் போனாள். வெளியே மர பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். எக்ஸ்ரே அறைக் கதவைப் பார்த்தபடி அவர் பேசினார்.

“ரிட்டயர் ஆக இன்னும் பதினொரு மாசம்தான் இருக்கு எனக்கு.”

அவள் புடவையில் ஒட்டியிருந்த நாய் முடியை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள்.

“கால் சரியாகிற வரைக்கும் அவனைக் கூண்டுலயே படுக்க வச்சு, உடம்பை அசையாமக் கட்டிடலாம். தலைய மட்டும் தூக்கினாப் போதும் எனக்கு. நான் பாத்துக்குவேன். யாருக்கும் தெரிய வேணாம்.” அவளைப் பார்க்காமலே சொன்னார். “அது கேட்டுக்காரன் வீடு. வேலை போனா வீடும் போயிடும்.”

இப்படி ஒரு யோசனை அந்த மனுஷன் வாயிலிருந்து வரும் என்று அவள் நினைத்ததே இல்லை. கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது, இத்தனை நாள் கூட வாழ்ந்தவர் யாரோ மாதிரி.

அவருடைய முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். உதட்டைப் பார்த்தால் புரியட்டும் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். “வேன்ல முன்சீட்டுல ஒரு பொண்ணு உக்காந்திருந்துச்சு. ரெட்டைச் சடை. நீங்க பாக்கல. நான் பாத்தேன்.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

கதவு திறந்தது. டாக்டரம்மா படத்தோடு வந்தாள். ஆறு ஸ்குரூவும் சிப்பாய் மாதிரி நேராக நின்றன. “அசையல. எப்படின்னு எனக்கே தெரியல. நீங்க கூண்டுக்குத் தூக்கிட்டுப் போகாம அடைப்புல வச்சிருந்ததால எலும்பு கொஞ்சம் பிடிச்சிருக்கு, அதான் தாங்கியிருக்கு. இது ஒரு தடவைதான், சொல்லிட்டேன்.”

தையல்காரி அழுதாள். கேட்டுக்காரர் எழுந்து போய் நாயின் மடங்கின காதைத் தடவிக்கொடுத்தார். பிறகு அவளிடம் கையை நீட்டினார்.

“போனைக் குடு. ஆபீசர் நம்பரைப் போட்டுக் குடு.”

“நான் பேசட்டுமா?”

“நான்தான் சொல்லணும்.”

ஆலை ஆபீசருக்குக் கனத்த குரல், போனில் வெளியேகூடக் கேட்டது. கேட்டுக்காரர் நிமிர்ந்து நின்று பேசினார். “ஐயா, இன்னைக்குக் காலையில மணி அடிச்சு நான் கேட்டு இறக்கலைங்க… இல்லீங்க, தூங்கல. எனக்கு மணி கேக்கலைங்க… எத்தனை நாளாவா? தெரியாதுங்க. நாய்க்குத்தான் தெரியும்.”

காதைப் பார்த்த டாக்டர், வேகன் சத்தத்தில் தேய்ந்த காது இது, கனத்த சத்தம் கேட்கும், ஊசி மாதிரிக் கீச்சுச் சத்தம் ஏறாது என்று எழுதிக் கொடுத்தார். கீச்சுச் சத்தத்தில் மணியும் சேர்த்தி, மனைவி மகள் குரலும் சேர்த்தி. அதைப் படித்துக் காட்டிய மகள் பாதியில் நிறுத்திவிட்டு உள்ளே போய்விட்டாள். சங்கு பழமொழி அந்த வீட்டில் அப்புறம் கேட்கவில்லை. ஆலையில் விசாரணை நடந்தது. ஆபீசர் மேஜையைத் தட்டி மானத்தை வாங்கினார். கடைசியில் மீதி மாசங்களுக்கு ஆலைத் தோட்டத்தில் வேலை போட்டார்கள். வீட்டைக் காலி செய்ய எத்தனை நாள் வேண்டும் என்று கேட்டதற்கு, “எட்டு வாரம் முடியட்டுங்க, அதுவரைக்கும் போற எடத்துல நாயைப் படியேத்தி எறக்க முடியாது” என்றார். ஆபீசருக்கு அதற்குமேல் திட்ட வார்த்தை அகப்படவில்லை. எழுதிக் கொடுத்துவிட்டார்.

கேட்டுக்குப் புது ஆள் வந்தார். கேட்டுக்காரருக்குத் தோட்ட வேலை மாலையில்தான். பகலில் நாயைப் பிடித்துக்கொள்வது இப்போது அவர் பொறுப்பு. வெந்நீர்த் துணி ஒத்தடம் கொடுத்தார், காலை மடக்கி நீட்டினார், கயிற்றைப் பிடித்து முற்றத்தில் ஐந்து நிமிஷம் அடிமேல் அடி வைத்து நடத்தினார். மழித்த இடத்தில் முடி முளைத்து மஞ்சள் பூனை ரோமம் மாதிரி நின்றது. நாலாவது காலும் தயங்கித் தயங்கித் தரையைத் தொட்டது. மற்ற நேரமெல்லாம் அடைப்புக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, நாயின் விலாவில் உள்ளங்கையை வைத்தபடி இருப்பார். பேச்சு குறைந்துவிட்டது. அவள் ஏதாவது சொன்னால் நிமிர்ந்து அவள் உதட்டைப் பார்ப்பார். முப்பது வருஷத்தில் அவர் தன் முகத்தை இவ்வளவு பார்த்ததில்லை என்று அவளுக்குத் தோன்றும், அது சந்தோஷமா துக்கமா என்றுதான் தெரியாது.

ஆறாவது வாரம் ஒரு மதியம். அவசரமாகக் கொடுக்க வேண்டிய நீலச் சட்டைகள் பத்து. தையல்காரி மெஷினைக் கடகடவென்று ஓட்டிக்கொண்டிருந்தாள்.

“அடிக்குது” என்றார் அவர்.

அவளுக்குப் புரியவில்லை. “என்னதுங்க?”

“மணி அடிக்குது.”

காலை மிதியிலிருந்து எடுத்தாள். மெஷின் நின்றது. உண்மைதான். சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஊசி மாதிரி அந்தச் சத்தம். மெஷின் ஓட்டத்தில் அவளுக்கே கேட்கவில்லை. அவர் சன்னல் பக்கம்கூடத் திரும்பியிருக்கவில்லை. இரண்டு உள்ளங்கையையும் நாயின் மேல் பரப்பி, கண்ணை மூடி, தலையைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் கைகளுக்குக் கீழே மேஸ்திரியின் உடம்பு துடிப்பது இங்கிருந்தே தெரிந்தது.

“படு” என்றார் நாயிடம். “நம்ம டூட்டி இல்லடா. அங்க ஆள் இருக்கு.”

அவள் மிதியைத் தொடாமல் காத்திருந்தாள். சங்கிலி கடகடவென்று ஓடியது. அவள் சொல்ல வாயெடுப்பதற்குள் நாயின் விலா தளர்ந்தது, தலை தரைக்கு இறங்கியது.

“எறக்கிட்டான்” என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே.